பம்புசெட் ஸ்டார்ட்டரைத் திறக்குமுன்

புதுவாயல், கவரைப்பேட்டைப் பக்கத்துக் கிராமங்களில், பகலில் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வேலை பார்த்துவிட்டு மாலையில் வயலைக் கவனிப்போர் உண்டு. கையில் ஸ்குரூ டிரைவரும் கொஞ்சம் பழக்கமும் இருப்பதால், மோட்டார் ஓடவில்லை என்றால் தாங்களே ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்துவிடுகிறார்கள். பயிர் வாடும்போது எலக்ட்ரீஷியனுக்காகக் காத்திருக்க மனம் வராதுதான். ஆனால் சிவப்புப் பொத்தானை அமுக்கியாயிற்று, இனிக் கரண்டு இல்லை என்று எண்ணிக் கை வைப்பது பெருந்தவறு.

பொத்தான், மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை மட்டுமே நிறுத்தும். பெட்டிக்குள் வந்து சேரும் கம்பிகளில் 415 வோல்ட் அப்படியே நிற்கும். மெயின் சுவிட்சை இறக்கி, மூன்று பியூஸ் கட்டைகளையும் பிடுங்கி உங்கள் பையில் போட்டுக்கொள்ளுங்கள். வெளியே வைத்தால், "மோட்டார் ஏன் நிற்கிறது?" என்று வருகிற வீட்டார் கட்டையைச் செருகிச் சுவிட்சைத் தூக்கிவிடக்கூடும். ஆட்டோ சுவிட்ச், செல்போன் ஸ்டார்ட்டர் உள்ள கிணற்றில் அதற்கு ஆள்கூட வேண்டாம்.

அடுத்தது கண்டென்சர். இரண்டு பேஸில் மோட்டாரை ஓட்டப் பலரும் இதை மாட்டியிருக்கிறார்கள். மீட்டர் 415 வோல்ட் காட்டினாலும் அலையின் உச்சம் 580 வோல்ட்டைத் தாண்டும். அந்த உச்சத்தில் இணைப்பு அறுந்தால் அவ்வளவும் கண்டென்சருக்குள் தங்கிவிடும். மோட்டார் வேகம் பிடித்ததும் பிரிந்துவிடும் ஸ்டார்ட்டிங் கண்டென்சரில்தான் இந்த ஆபத்து அதிகம். மோட்டார் சுருளோடு தொடர்பு இல்லாததால் மின்சாரம் வடிய வழியில்லை. வடிப்பதற்கென்று வைத்த ரெசிஸ்டன்ஸ் எரிந்து போயிருந்தால், வெகுநேரம் கழித்தும் தூக்கி அடிக்கும். ஸ்குரூ டிரைவரால் இரு முனையையும் உரசி வடிப்பவர்கள் இருக்கிறார்கள். தீப்பொறி கண்ணில் தெறிக்கும். ஒரே வாட் உள்ள இரண்டு பழைய குண்டு பல்புகளை வரிசையாக இணைத்து, உறையிட்ட கம்பியால் முனைகளில் சில விநாடி வைத்தால் போதும். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது.

மெயின் சுவிட்சுக்கு முன்னால், கம்பத்திலிருந்து வரும் கம்பியிலும் ஒரு சூது உண்டு. ஒரு பேஸ் வராதபோது கண்டென்சரில் மோட்டார் ஓடினால், அந்தச் செத்த பேஸிலும் மோட்டார் வழியே வோல்ட்டேஜ் திரும்பி வரும். அதே லைனில் உள்ள பக்கத்து வயல்காரர் ஓட்டினாலும் இதே கதைதான். அதைச் செத்த கம்பி என்று நம்பித் தொட்டால் அடிக்கும். மின்வாரிய ஊழியர் கம்பத்தில் ஏறியிருந்தால் அவருக்கும் ஆபத்து. லைனில் வேலை நடக்கும்போது மோட்டாரை ஓட்டாதீர்கள்.

யாரையாவது கரண்டு பிடித்துக்கொண்டால் வெறுங்கையால் இழுக்கக் கூடாது. முதலில் மெயினை இறக்குங்கள். முடியாவிட்டால் காய்ந்த மரத்தின் மேல் நின்று, காய்ந்த கழியால் தள்ளிவிடுங்கள். மூச்சு இல்லையென்றால் மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்திக்கொண்டே, இன்னொருவரை 108-க்குப் பேசச் சொல்லுங்கள்.