ஒலியை விஞ்சும் விமானமும் தரையிலுள்ளோரும்: ஒரு பௌதிகவியல் விளக்கம்

விமானம் ஒலியின் வேகத்தை விஞ்சும் கணத்தில் ஒரு தடை உடைகிறது என்றும், அவ்வுடைவின் ஓசையே தரையில் இடிபோலக் கேட்கிறது என்றும் பலர் கருதுவர். 1947 ஒற்றோபர் 14ஆந் திகதி ஐக்கிய அமெரிக்க விமானி சக் யேகர் எக்ஸ்-1 விமானத்தில் மாக் 1.06 வேகத்தை எட்டியதை 'ஒலித்தடை உடைப்பு' எனக் குறிப்பிடுவதும் வழக்கமாயிற்று. இக்கருத்து பௌதிகவியல் நோக்கிற் பிழையானது. அத்துடன் விரைவின் சுமை யார்மீது விழுகிறது என்பதையும் மறைப்பது. இவ்விரண்டையும் இங்கு சுருக்கமாக நோக்குவோம்.

பறக்கும் விமானம் முன்னுள்ள வளியை அமுக்குகிறது. அவ்வமுக்க மாற்றம் ஒலியின் வேகத்திலேயே பரவும். கடல்மட்டத்தில், 15 பாகை செல்சியஸ் வெப்பநிலையில், அவ்வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர். 11 கிலோமீற்றர் உயரத்துக் குளிர்ந்த வளியில் ஏறத்தாழ 295 மீற்றர். விமானம் இதனிலும் மெதுவாகச் செல்லுமாயின் அமுக்க மாற்றம் அதனை முந்திச் செல்லும். வளி முன்கூட்டியே விலகத் தொடங்கும். விமானம் ஒலியினும் விரையுமாயின் அதற்கு வாய்ப்பில்லை. அமுக்கமும் வெப்பநிலையும் அடர்த்தியும் மிக மெல்லிய படையொன்றினுள் சடுதியாக உயர்கின்றன. இதுவே அதிர்ச்சி அலை. அளவு மாற்றம் பண்பு மாற்றமாவதற்கு இது உதாரணம் எனக் கூறி நாம் நின்றுவிடலாம். ஆயின் விதியின் பெயரைச் சொல்லுதல் விளக்கமாகாது. செயற்பாட்டைத் தொடர்ந்து நோக்குதலே விளக்கம்.

ஓடும் படகின் பின்னே அலை விரிவதுபோல, அதிர்ச்சி அலை கூம்பு வடிவில் விமானத்தைத் தொடர்கிறது. மாக் 2 வேகத்தில் கூம்பின் பக்கம் அதன் அச்சுடன் 30 பாகைக் கோணம் அமைக்கும். கூம்பு தரையைத் தொடும்போது அங்குள்ளவர் இடியைக் கேட்பர். சற்றுப் பின்னர் அடுத்த ஊரவர் கேட்பர். விமானம் ஒலியினும் விரைந்து செல்லும்வரை இது தொடரும். எனவே, இடி ஒரு கணத்து நிகழ்ச்சியன்று. பாதை முழுவதும் இழுத்துச் செல்லப்படுவது. கொன்கோட் விமானம் தரையில் ஏற்படுத்திய அமுக்க உயர்வு வளிமண்டல அமுக்கத்தின் ஆயிரத்திலொரு பங்களவே. அவ்வுயர்வின் சடுதியே அதனை இடியாக்கியது.

தரையில் நிற்பவர் இடியை ஒருமுறை மட்டுமே கேட்பதால் அது ஒருமுறை மட்டுமே நிகழ்ந்ததெனக் கொள்கிறார். விமானத்தினுள் இருப்பவரோ அதனைக் கேட்பதேயில்லை. தனியொருவரின் புலனுணர்வு முழுமையைத் தராது என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று அரிது. இங்கு ஒரு முரணையும் நாம் கருதுதல் வேண்டும். மாக் எண்ணுக்குத் தம் பெயரை அளித்த ஏர்ணஸ்ற் மாக், பொருள்களைப் புலனுணர்வுகளின் தொகுதியாகக் கண்டவர். 1909இல் வெளிவந்த நூலில் லெனின் அவரைக் கடுமையாக விமர்சித்தார். ஆயின் மாக்கும் சால்ஷரும் 1887இல் வெளியிட்ட துப்பாக்கிக் குண்டின் நிழற்படங்களே, கண்ணுக்குப் புலனாகாத அதிர்ச்சி அலை புறநிலையில் உள்ளதென்பதைக் காட்டின.

சுமையின் கதை இம்முழுமையிலிருந்தே விளங்கும். 1964இல் ஐக்கிய அமெரிக்காவின் ஒக்லகோமா நகரின்மீது ஆறு மாத காலத்தில் 1,253 இடிகள் சோதனைக்காக எழுப்பப்பட்டன. விசாரிக்கப்பட்டோருள் ஏறத்தாழ நாலிலொருவர் இதனுடன் வாழ இயலாதென்றனர். 1973இல் அந்நாடு குடியியல் விமானங்கள் தன் நிலத்தின்மேல் ஒலியினும் விரைந்து பறப்பதைத் தடைசெய்தது. ஏறத்தாழ நூறு பயணிகளுக்குரிய கொன்கோட், 1976 முதல் 2003 வரையான சேவையிற் பெரிதும் அத்திலாந்திக் சமுத்திரத்தையே நம்பியிருந்தது. சோவியத் ஒன்றியத்தின் டுப்போலெவ்-144 மொஸ்கோவிலிருந்து அல்மா-அற்றாவுக்கு நிலத்தின்மேலேயே பறந்தது. அதன் பயணிகள் சேவையும் 55 பறப்புகளுடன் 1978இல் முடிவுற்றது. உடைமை முறை மாறினும் அலை மாறுவதில்லை என்பதை நாம் மறைத்தலாகாது.

2025இல் அமெரிக்கத் தடையை நீக்குமாறு சனாதிபதி ஆணை பிறப்பிக்கப்பட்டது. அலைகள் ஒன்றுசேர்ந்து வலுப்பெறாதவாறு நீண்ட மூக்குடன் அமைக்கப்பட்ட எக்ஸ்-59 விமானமும் அவ்வாண்டே முதன்முறை பறந்தது. இடியை எவ்வளவு தணிக்கலாம் என்பதற்குப் பௌதிகவியல் விடை கூறும். எஞ்சும் ஓசையை யார், யாருக்காகச் சுமப்பது என்பதற்கு அது விடை கூறாது. அவ்வினாவுக்கு விடை காண்கையிற் பயணியின் செவி மட்டும் போதாது; தரையிலுள்ளோரின் குரலும் வேண்டும்.