தருமம் அல்ல, கடன்



எரிகோ நகரில் சக்கேயுவின் வீட்டில் நடந்ததை நாம் அறிவோம். இயேசுவின் முன் எழுந்து நின்ற அவர் இரண்டு வாக்குறுதிகளைத் தந்தார். தம் உடைமைகளில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகச் சொன்னார். யாரையாவது ஏமாற்றிப் பெற்றிருந்தால் அதை நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுப்பதாகவும் சொன்னார். முதலாவது தருமம். இரண்டாவது நீதி. பிறர் பொருளை எடுத்தவர் மனம் வருந்தினால் மட்டும் போதாது, அதைத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும் என்பது திருச்சபையின் பழமையான போதனை.

இந்த வேறுபாட்டை மனதில் வைத்து, உலகக் காலநிலைப் பேச்சுவார்த்தைகளை இன்று சிந்திப்போம்.

நிலக்கரியும் எண்ணெயும் எரியும்போது எழும் கரியமில வாயு உடனே மறைந்துவிடுவதில்லை. அதில் கணிசமான பகுதி பல தலைமுறைகளுக்கு வானில் தங்கிவிடுகிறது. தொழிற்புரட்சி முதல் இவ்வாறு வெளியேற்றப்பட்ட வாயுவில் ஏறக்குறைய கால் பங்கு அமெரிக்க ஐக்கிய நாட்டிலிருந்து வந்தது. உலக மக்களில் அந்நாட்டினரோ நூற்றுக்கு நான்கு பேரளவே. வளமான நாடுகள் ஏழை நாடுகளுக்குப் பட்டிருக்கும் இத்தகைய கடனைத்தான், திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் ‘இறைவா உமக்கே புகழ்’ திருமடலில் சூழலியல் கடன் என்று அழைத்தார்.

அந்தக் கடனை அமெரிக்கா எவ்வாறு எதிர்கொண்டது? 1997-இல் உருவான கியோட்டோ உடன்பாட்டில் கையெழுத்திட்டது. 2001-இல் அதைக் கைவிட்டது. 2015-இல் பாரிஸ் ஒப்பந்தத்தை ஏற்றது. 2017-இல் விலகுவதாக அறிவித்தது. 2021-இல் திரும்பி வந்தது. 2025 சனவரியில் மீண்டும் விலக ஆணையிட்டது. பேரிடர்களால் இழப்புக்குள்ளாகும் ஏழை நாடுகளுக்கான நிதிக்கு, 2023-இல் துபாய் மாநாட்டில் ஜெர்மனி 10 கோடி டாலர் அறிவித்தது. அமெரிக்கா அறிவித்ததோ 1.75 கோடி டாலர்.

“இன்று சீனாதானே அதிகம் வெளியேற்றுகிறது?” என்று கேட்கலாம். உண்மைதான், சீனாவும் பதில் சொல்ல வேண்டும். ஆனால் தலைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால், அமெரிக்கரின் பங்கு சீனரின் பங்கைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு என்று 2023-இல் திருத்தந்தை சுட்டிக்காட்டினார். அடுத்த வீட்டாரும் கடன்பட்டிருக்கிறார் என்பதால் நம் கடன் தீர்ந்துவிடுமா?

பசிபிக் கடலிலுள்ள துவாலு நாட்டின் மிக உயர்ந்த இடமே ஐந்து மீட்டருக்கும் குறைவு. புகையில் அம்மக்களின் பங்கு ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். கடலோ அவர்கள் வாசலுக்கு வருகிறது. அவர்கள் கேட்பது பிச்சை அல்ல.

அமெரிக்க மக்களை நாம் பழிக்கவில்லை. 2017-இல் அந்நாட்டு ஆயர்களே தங்கள் அரசின் முடிவைக் குறித்து வருத்தம் தெரிவித்தார்கள். பல மாநில ஆளுநர்கள் ஒப்பந்தத்தின் இலக்கைக் காப்போம் என்றார்கள். அவர்களோடு சேர்ந்தே நாமும் பேசுகிறோம்.

அதே வேளையில் நம்மையும் ஆய்ந்து பார்ப்போம். உண்டியலில் தாராளமாகப் போட்டுவிட்டு, வேலையாளின் கூலியை நிறுத்தி வைக்கிறோமா? அப்படியானால் நாமும் தருமத்தால் கடனை மறைக்கிறோம்.

மரத்திலிருந்து விரைந்து இறங்கி வருமாறு சக்கேயுவை அழைத்த ஆண்டவர், வல்லமையுள்ள நாடுகளையும் நம்மையும் அழைக்கிறார். இறங்கி வரும் வரத்தைக் கேட்டு மன்றாடுவோம். ஆமென்.