கூட்டு லொறிக் கூலியை நியாயமாகப் பங்கிடும் முறை

அட்டன், நுவரெலியாப் பகுதிகளில் சிறு தேயிலைத் தோட்டம் உடையோர் நன்கு அறிந்த செய்தி இது: பறித்த கொழுந்து சாக்கில் நெடுநேரம் கிடப்பின் சூடேறிச் சிவந்து கெடும். அன்றைக்கே அது தொழிற்சாலையைச் சேர்தல் வேண்டும். தனித்தனியே லொறி பிடித்தால் செலவு மிகும். அயலவர் கூடி ஒரே லொறியில் அனுப்புதல் நன்று. ஆயினும் கூலியைப் பங்கிடுவதில் பிணக்கு நேரின் கூட்டு முறிந்துவிடும்.

கொழுந்து தருவோருக்கும் தொழிற்சாலைக்கும் இடையிலான பங்கை இலங்கையில் நியாய விலைச் சூத்திரம் வகுத்தது; நிகர விற்பனைச் சராசரியில் 68 வீதம் முன்னவருக்கு, 32 வீதம் பின்னவருக்கு. அயலவருக்குள் லொறிக் கூலியை நாமே வகுத்துக்கொள்ளல் வேண்டும்.

ஓர் உதாரணம் காண்போம். ஒரே பாதையில் தொழிற்சாலையிலிருந்து 2, 5, 8 கிலோமீற்றர் தொலைவில் மூவர் தோட்டங்கள் உள்ளன. மூவரின் கொழுந்தும் ஏறக்குறைய ஒரே நிறையுடையது. கூலி கிலோமீற்றருக்கு 300 ரூபா எனக் கொள்வோம். தனியே அனுப்பினால் முறையே 600, 1,500, 2,400 ரூபா செல்லும். கூடி அனுப்பினால் மொத்தம் 2,400 ரூபாவே.

இதனைச் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 800 ரூபா. அண்மையில் உள்ளவர் தனியே சென்றால் 600 ரூபாவே ஆகும், அவர் விலகிவிடுவார்.

இதற்கு 1953ஆம் ஆண்டில் லோயிட் ஷாப்லி என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் ஒரு வழி கூறினார். (2012இல் இவர் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.) உறுப்பினர் ஒருவர்பின் ஒருவராகக் கூட்டில் சேர்வதாக எண்ணுக, ஒவ்வொருவரும் சேரும்போது கூடும் செலவைக் குறிக்க, மூவர் சேரக்கூடிய ஆறு வரிசைகளுக்கும் இவ்வாறு கண்டு சராசரி எடுக்க. அதுவே அவரவர் பங்கு.

ஒரே பாதையாயின் கணக்கு எளிது. ஒவ்வொரு பாதைத் துண்டின் கூலியையும் அத்துண்டு தேவைப்படுவோர் மட்டும் சமமாக ஏற்க வேண்டும்:

1. முதல் 2 கிலோமீற்றர்: 600 ரூபா. மூவருக்கும் ஆளுக்கு 200.
2. அடுத்த 3 கிலோமீற்றர்: 900 ரூபா. அப்பாலுள்ள இருவருக்கும் ஆளுக்கு 450.
3. கடைசி 3 கிலோமீற்றர்: 900 ரூபா. தொலைவில் உள்ளவருக்கே.

ஆகவே பங்குகள் 200, 650, 1,550 ரூபா. தனியே செல்வதைவிட முதல்வருக்கு 400 ரூபாவும் மற்ற இருவருக்கும் 850 ரூபா வீதமும் மிச்சம். எவருக்கும் நட்டமில்லை, விலகவும் காரணமில்லை.

இக்கணக்கை முதல் லொறி ஏறுமுன்பே கொப்பியில் எழுதி அனைவரும் ஒப்பமிடுக. புதியவர் சேரின் மீண்டும் கணக்கிடுக. முன்கூட்டியே தெளிந்த கணக்கு அயலவர் உறவைக் காக்கும்.