விசைப்பலகையும் மவுசும்: பழுது எங்கே இருக்கிறது?

கல்லூரி விண்ணப்பத்தை இணையத்தின் வழியே அனுப்பக் கடைசி நாள். எங்கள் பக்கத்து வீட்டு மாணவி தன் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்களை ஒவ்வொன்றாகக் கணிப்பொறியில் பதிந்து கொண்டிருந்தாள். திடீரென்று விசைப்பலகை வேலை செய்ய மறுத்தது. தட்டினால் எழுத்து வரவில்லை. அழுத்திப் பிடித்தால் மட்டும் சற்று நேரம் கழித்து ஓர் எழுத்து வந்தது. தொலைபேசியில் ஒரு கடைக்காரரைக் கேட்டதற்கு, "அது போய்விட்டது, புதிது வாங்கிவிடுங்கள்" என்றார். அவள் தந்தை பணத்தை எடுத்துக் கொண்டு புறப்பட்டும் விட்டார்.

உண்மையில் அந்த விசைப்பலகையில் ஒரு கோளாறும் இல்லை. மதிப்பெண் பட்டியல் வைத்திருந்த கனத்த கோப்பு, வலப்பக்க ஷிப்ட் விசையின் மேல் சாய்ந்து கிடந்தது. விண்டோஸ் உள்ள கணிப்பொறியில் அந்த விசையை எட்டு வினாடிகள் தொடர்ந்து அழுத்தினால், 'ஃபில்டர் கீஸ்' என்னும் வசதியை இயக்கலாமா என்று திரையில் ஒரு கேள்வி தோன்றும். இது கை நடுக்கம் உள்ளவர்களுக்காக ஏற்பட்ட வசதி. கவனிக்காமல் என்டர் விசையைத் தட்டிவிட்டால் அது இயங்கத் தொடங்கிவிடும். பிறகு கணிப்பொறி, விரல் தவறிப் பட்டது என்று எண்ணி, இலேசான தட்டல்களை ஒதுக்கிவிடும். அதே விசையை மறுபடி எட்டு வினாடிகள் அழுத்தினோம், எல்லாம் சரியாயிற்று.

பழுது தெரியும் இடம் வேறு, பழுது இருக்கும் இடம் வேறு என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது அல்லவா? அந்த இடத்தைக் கண்டுபிடிக்கும் முறையைப் பார்ப்போம்.

விசையைத் தட்டினால் என்ன நடக்கிறது?

சாதாரண விசைப்பலகை ஒன்றில் 104 விசைகள் உள்ளன. ஒவ்வொரு விசைக்கும் தனிக் கம்பி வைத்தால் நூற்றுக்கும் மேற்பட்ட கம்பிகள் வேண்டும். இதைத் தவிர்க்க, கம்பிகளைக் கட்டம் போட்ட தாளைப் போலக் குறுக்கும் நெடுக்குமாக அமைக்கிறார்கள். குறுக்கே 8, நெடுக்கே 16 என்று வைத்துக் கொண்டால் 24 கம்பிகளே போதும்; அவை 128 இடங்களில் ஒன்றையொன்று கடக்கும். ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு விசையை வைக்கலாம். திரையரங்கில் வரிசையையும் இருக்கை எண்ணையும் சொன்னால் ஆள் இருக்கும் இடம் தெரிவது போல, எந்தக் குறுக்குக் கம்பி எந்த நெடுக்குக் கம்பியைத் தொட்டது என்று தெரிந்தால் எந்த விசை என்பது தெரிந்துவிடும்.

விலை குறைந்த விசைப்பலகைகளில் இந்தக் கம்பிகள் உண்மையில் கம்பிகள் அல்ல. மெல்லிய பிளாஸ்டிக் தாள்களின் மேல் மின்சாரத்தைக் கடத்தும் மையால் அச்சிட்ட கோடுகள். இரண்டு தாள்களுக்கு நடுவே துளைகளுள்ள மூன்றாவது தாள் ஒன்று இருக்கும். விசையை அழுத்தும் போது அதன் கீழுள்ள ரப்பர் குமிழ் அமுங்கி, மேல் தாளைத் துளையின் வழியே கீழ்த் தாளில் தொட வைக்கிறது. விரலை எடுத்ததும் குமிழ் பழைய நிலைக்கு எழும்புகிறது. உள்ளேயிருக்கும் சிறிய சில்லு ஒன்று, இந்தக் கட்டங்களை ஓயாமல் சுற்றி வந்து, எங்கே தொடுகை ஏற்பட்டது என்று பார்த்துக் கொண்டே இருக்கிறது.

இங்கே ஒன்றைக் குறித்துக் கொள்ளுங்கள். விசைப்பலகை கணிப்பொறிக்கு அனுப்புவது எழுத்தை அன்று; விசையின் எண்ணை மட்டுமே. அது எந்த எழுத்து என்று முடிவு செய்வது கணிப்பொறியிலுள்ள மென்பொருள். 1999-இல் தமிழக அரசு ஏற்றுக் கொண்ட தமிழ்-99 முறையைத் தேர்ந்தெடுத்தால், ஆங்கில 'எச்' பொறித்த அதே விசை 'க' என்னும் எழுத்தைத் தருவது இதனால்தான்.

ஒரு நேரத்தில் ஒரே மாற்றம்

ஆக, விரலிலிருந்து திரை வரையில் விசை, மின்சுற்று, கம்பி, செருகும் துளை, மென்பொருள் என ஐந்து கட்டங்கள் உள்ளன. பழுது இவற்றில் ஒன்றில் இருக்கிறது. எதில்?

ஆய்வுக்கூடத்தில் நாம் செய்வது போலவே இங்கும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். முதலில் கணிப்பொறியை அணைத்து மீண்டும் இயக்குங்கள். சரியாகவில்லை என்றால், விசைப்பலகையை வேறொரு யு.எஸ்.பி. துளையில் செருகுங்கள். அதிலும் பயனில்லையேல் வேறு கணிப்பொறி ஒன்றில் செருகிப் பாருங்கள். அங்கே ஒழுங்காக வேலை செய்தால் குறை விசைப்பலகையில் இல்லை. அங்கும் அதே கோளாறு இருந்தால் குறை விசைப்பலகையில்தான். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் பழுது தீரலாம். ஆனால் எதனால் தீர்ந்தது என்பது தெரியாது. மறுமுறை வரும் போது மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

அறிகுறியைப் படித்தல்

எழுத்துக்குப் பதிலாக எண்கள் வருகின்றனவா? சிறிய மடிக்கணிப்பொறிகளில் நம்லாக் விசை இயங்கினால் சில எழுத்து விசைகள் எண் விசைகளாக மாறிவிடும். மேற்கோள் குறியும் மின்னஞ்சல் முகவரியில் வரும் 'அட்' குறியும் இடம் மாறி வருகின்றனவா? அமெரிக்க விசையமைப்புக்குப் பதில் பிரிட்டிஷ் அமைப்பு தேர்வாகியிருக்கும். புதிய எழுத்து பழைய எழுத்தை அழித்துக் கொண்டே போகிறதா? இன்செர்ட் விசையைத் தட்டியிருப்பீர்கள். இவை எதற்கும் திருப்புளி தேவையில்லை.

ஒரே ஒரு விசை மட்டும் வேலை செய்யாவிட்டால், அதன் அடியில் தூசியோ உணவுத் துணுக்கோ இருக்கலாம். கம்பியைப் பிடுங்கிவிட்டு, பலகையைக் கவிழ்த்து மெல்லத் தட்டினாலே பெரும்பாலும் விழுந்துவிடும். ஒரு முறை தட்டினால் எழுத்து இரண்டு முறை விழுகிறதா? எந்தத் தொடுகையும் ஒரேயடியாக நிலைப்பதில்லை. தரையில் போட்ட பந்தைப் போலச் சில மில்லி வினாடிகள் துள்ளிய பிறகே நிலைக்கும். சில்லு இந்தத் துள்ளலைப் பொருட்படுத்தாது. தொடுகை தேய்ந்தோ அழுக்கேறியோ போனால் துள்ளல் நீண்டு, சில்லு அதை இரண்டு தட்டல்களாகக் கணக்கிடும்.

நான்கைந்து விசைகள் ஒன்றாகச் செயலிழந்தால், அவை யாவும் ஒரே கோட்டைச் சேர்ந்தவையாக இருக்கக் கூடும். ஒவ்வொன்றும் தனித்தனியே பழுதாகவில்லை; அச்சிட்ட அந்த ஒரு கோடு அறுந்திருக்கிறது. இதை வீட்டில் சரி செய்வது கடினம். இப்போது புதிது வாங்குவது நியாயமே.

தேநீர் கொட்டிவிட்டால்

உடனே கம்பியைப் பிடுங்கிப் பலகையைக் கவிழ்த்து வையுங்கள். நீரை விட அதில் கரைந்துள்ள உப்பும் சர்க்கரையுமே பெரிய எதிரிகள். நீர் ஆவியாகப் போய்விடும், அவை தங்கிவிடும். உப்பு, கோடுகளுக்கிடையே மின்சாரம் கசிய வழி செய்வதோடு உலோகத்தையும் அரிக்கிறது. சர்க்கரை, விசைகளை ஒட்ட வைக்கிறது. ஓரிரு நாள் காற்றாட உலர விடுங்கள். சூடான காற்றைப் பாய்ச்சினால் பிளாஸ்டிக் நெளிந்துவிடும். மடிக்கணிப்பொறியானால் மின் இணைப்பை நீக்கி உடனே அணைத்துவிட்டு, பழுது பார்ப்பவரிடம் கொடுப்பதே நல்லது. விசைகளுக்குக் கீழேயே அதன் முக்கிய உறுப்புகள் உள்ளன.

மவுஸ் ஏன் தடுமாறுகிறது?

அமெரிக்காவில் டக்ளஸ் எங்கல்பர்ட் என்பவரின் எண்ணத்தில் உதித்து, 1964-இல் உருவான முதல் மவுஸ் ஒரு மரப்பெட்டி. அடியில் இரண்டு சக்கரங்கள். பின்னர் சக்கரத்துக்குப் பதில் உருளும் பந்து வந்தது. இன்றைய மவுசில் இருப்பதோ ஒரு சின்னஞ்சிறு கேமரா. அடியிலுள்ள ஒளி மேசையின் மேல் சாய்வாகப் படுகிறது. கேமரா வினாடிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை எடுத்து, மேசையின் நுண்ணிய மேடு பள்ளங்கள் ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்கு எவ்வளவு நகர்ந்தன என்று கணக்கிடுகிறது.

கண்ணாடி மேசையில் மவுஸ் தடுமாறுவதற்குக் காரணம் இப்போது புரிந்திருக்கும். அங்கே ஒப்பிட்டுப் பார்க்க மேடு பள்ளமே தென்படுவதில்லை. ஒரு வெள்ளைத் தாளை விரித்து அதன் மேல் வைத்துப் பாருங்கள். அப்போதும் தடுமாறினால், அடியிலுள்ள துளையில் தலைமுடி ஏதேனும் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு முறை சொடுக்கினால் இருமுறை சொடுக்கியதாக ஆகிறதா? அமைப்புப் பக்கத்தில் இடப் பொத்தானின் வேலையை வலப் பொத்தானுக்கு மாற்றிப் பாருங்கள். கோளாறு மறைந்தால், இடப் பொத்தானுக்குள் இருக்கும் மெல்லிய உலோகத் தகடு தளர்ந்துவிட்டது என்று பொருள். மறையாவிட்டால் மென்பொருளை ஆராய வேண்டும்.

கம்பியில்லா மவுஸ் விட்டு விட்டு நகர்ந்தால் முதலில் மின்கலத்தை மாற்றுங்கள். அதன் பிறகும் தொல்லை இருந்தால், அதன் சிறு ஏற்பியை வேகமான யு.எஸ்.பி. 3 துளையிலிருந்து தள்ளிச் செருகுங்கள். அத்துளையில் வன்தட்டு போன்றவை இயங்கும் போது எழும் மின்னிரைச்சல், மவுஸ் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகளைக் குழப்பக் கூடும்.

அன்று மாலை அந்த மாணவியின் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. அவள் தந்தையின் பணம் சட்டைப் பையிலேயே இருந்தது. நல்ல நிலையிலிருந்த ஒரு விசைப்பலகை குப்பைக்குப் போகாமல் தப்பியது. கோப்பை மட்டும் மேசையின் மறு ஓரத்துக்கு மாற்றி வைத்தோம்.