நாடகக் கம்பெனியே பள்ளிக்கூடம்!

குமாரபாளையத்தில் உயர்நிலைப் பள்ளி மாணவன் ஒருவனுக்கு ஆசை வருகிறது. நாடகம் எழுத வேண்டும். சினிமாவுக்கு வசனம் எழுத வேண்டும். கோடை விடுமுறையும் வந்துவிட்டது. யாரைப் பார்த்துக் கற்பது?

பக்கத்து ஊரிலேயே வழிகாட்டி ஒருவர் பிறந்திருக்கிறார்!

"திருவிளையாடல்" (1965), "தில்லானா மோகனாம்பாள்" (1968) படங்களை எடுத்த ஏ.பி.நாகராஜன், சங்ககிரிப் பக்கம் அக்கம்மாபேட்டையில் 1928-ம் ஆண்டு பிறந்தவர்.

பெண் வேடம்

சிறு வயதிலேயே அவர் டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். பெண் வேடம் போட்டார்.

அந்தக் காலத்து "பாய்ஸ்" கம்பெனிச் சிறுவர்கள் பெற்றோரைப் பிரிந்து ஊர் ஊராகப் போவார்கள். வாத்தியார் பாடம் சொல்லிக் கொடுப்பார். மனப்பாடம் ஆகும்வரை ஒத்திகை நடக்கும். எந்த வசனத்துக்குக் கைதட்டல், எந்த இடத்தில் கொட்டாவி என்பது இரவில் மேடையில் தெரிந்துவிடும்!

அப்படி வளர்ந்த நாகராஜன், "நால்வர்" நாடகத்தை எழுதினார். 1953-ல் அது படமானது. அதில் அவரே நடித்தார்.

சிவாஜி பேசிய கொங்குத் தமிழ்

1957-ல் "மக்களைப் பெற்ற மகராசி" வந்தது. அடுக்கு வசனம் பேசிப் புகழ் பெற்ற சிவாஜி கணேசன், அதில் கொங்கு நாட்டு விவசாயியாகப் பேசினார். வசனம் நாகராஜன்! திண்ணையில் கேட்ட பேச்சு வெள்ளித்திரைக்குப் போயிற்று.

பூனை சொல்லும் வசனம்

நாடகத்தில், "வீட்டில் அரிசி இல்லை" என்று நடிகர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கடைசி வரிசைக்கும் அது கேட்க வேண்டும். சினிமாவில் அடுப்பில் பூனை தூங்குவதைக் காட்டினால் போதும். ஒரு வார்த்தையும் வேண்டாம். முன்னது காதுக்கு, பின்னது கண்ணுக்கு.

விடுமுறை வேலை

ஒரு நோட்டும் பென்சிலும் போதும். தறிக்கூடத்திலும், சந்தையிலும், காவிரிப் படித்துறையிலும் மக்கள் பேசுவதைக் கேட்டு எழுதலாம். பிறகு ஒரு சிறு காட்சி. மகன் மேலே படிக்க வேண்டும் என்கிறான். தந்தை தறிக்கு வா என்கிறார். இருவர் பக்கமும் நியாயம் இருக்க வேண்டும். அப்போதுதான் நாடகம்!

எழுதியதை நண்பர்கள் உரக்கப் படிக்கட்டும். நாக்கு எங்கே தடுக்குகிறதோ, அங்கே வெட்ட வேண்டும்.

அதே காட்சியை மறுபடி, பேச்சைப் பாதியாகக் குறைத்து, கண்ணால் பார்ப்பதை மட்டும் எழுதினால் அது சினிமா.

அன்று இந்தக் கலையைக் கற்க, சிறுவர்கள் வீட்டையும் படிப்பையும் விட்டுப் போனார்கள். இன்று இரண்டையும் விட வேண்டாம். பெற்றோரே, பிள்ளை எழுதிய காட்சியை ஒரு மாலை உட்கார்ந்து கேளுங்கள். முதல் சபை நீங்கள்தான்!