பிக்கப் வாகனத்தில் முதல் மாற்றம் எது? வேகத்திற்கு முன் டயரையும் பிரேக்கையும் பாருங்கள்

கோலாலம்பூர் - குத்தகை வேலை, காய்கறி விநியோகம், செம்பனைத் தோட்டப் பணி எனப் பல தொழில்களில் இருக்கும் நம் இளைஞர்கள் பலரின் கனவு, சொந்தமாக ஒரு பிக்கப். வாகனம் கைக்கு வந்ததும் அடுத்த கேள்வி எழுகிறது: இதன் திறனைக் கூட்ட முதலில் எதை மாற்றுவது?

பலர் நேராக ‘ரீமேப்’ செய்யப் பட்டறைக்குப் போகிறார்கள். ஆனால் வரிசை மாறினால் பணமும் போகும், பாதுகாப்பும் குறையும்.

*டயரில் மறைந்திருக்கும் கணக்கு*

இங்கு ஓடும் பல பிக்கப்களின் அசல் டயர் அளவு 265/65 ஆர்17. இதன் விட்டம் ஏறத்தாழ 776 மில்லிமீட்டர். கம்பீரத் தோற்றத்திற்காக 285/70 ஆர்17 மாட்டினால் விட்டம் 831 மில்லிமீட்டராகும். அதாவது 7 விழுக்காடு பெரிது.

இதனால் வேகமானி 100 காட்டும்போது வாகனம் ஏறத்தாழ 107 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். சாலையில் கிடைக்கும் இழுவிசையும் குறையும். 2.8 லிட்டர் டீசல் ஹைலக்ஸ் தரும் 500 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, 467 அளவில் இருப்பது போலத்தான் உணரப்படும். இப்படி இழந்ததை மீட்கவே பிறகு ரீமேப்புக்குச் செலவு செய்ய நேர்கிறது.

ஆகவே அளவை மாற்றாமல் தரத்தை உயர்த்துவதே நல்ல தொடக்கம். மண் சாலையில் ஓடுபவர்களுக்கு ‘ஆல் டெரெய்ன்’ வகை உதவும். நெடுஞ்சாலையில் மட்டுமே ஓடுபவர்களுக்கு அது இரைச்சலையும் எரிபொருள் செலவையும் கூட்டும். எதை வாங்கினாலும், டயரின் பக்கவாட்டிலுள்ள சுமைக் குறியீடு அசலைவிடக் குறையக்கூடாது.

*அடுத்தது பிரேக், சஸ்பென்ஷன்*

பிக்கப்பின் எடையே ஏறத்தாழ 2 டன். அதில் சுமையும் ஏறினால், வேகம் எடுப்பதைவிட நிறுத்துவதே கடினம். தரமான பிரேக் பேட், புதிய பிரேக் திரவம் ஆகிய இரண்டும் குறைந்த செலவில் பெரிய பலன் தருபவை. கேமரன் மலை போன்ற நீண்ட இறக்கங்களில் பிரேக் சூடேறிப் பிடிப்புக் குறையும் அபாயம் இருப்பதை ஓட்டுநர்கள் அறிவர்.

பின்புறத்திலுள்ள இலை வில்கள் சுமைக்காகவே அமைக்கப்பட்டவை. அதனால்தான் காலி வண்டி துள்ளுகிறது. நல்ல ஷாக் அப்சார்பர் இந்தத் துள்ளலைக் கட்டுப்படுத்தும்.

*திறன் கூட்டுவது கடைசியில்*

காற்று வடிகட்டியை மட்டும் மாற்றினால் டர்போ டீசல் இயந்திரத்தில் கிடைக்கும் கூடுதல் திறன் மிகச் சிறிது. அடைத்துப்போன பழைய வடிகட்டிக்குப் பதில் புதிய அசல் வடிகட்டி போடுவதே பெரும்பாலும் போதும். ‘ஸ்நோர்கல்’ குழாய், தூசும் நீரும் புகாமல் இருப்பதற்கே உரியது, வேகத்திற்கு அல்ல.

ரீமேப் உண்மையிலேயே திறனைக் கூட்டும். கணினிக் கட்டுப்பாட்டை மாற்றி டர்போ அழுத்தத்தையும் எரிபொருளையும் அது உயர்த்துகிறது. கூடவே வெப்பமும், கியர்பெட்டியின் மீதான சுமையும் உயர்கின்றன. உத்தரவாதக் காலம் முடியாத வாகனத்தில் இதைச் செய்தால், பழுது ஏற்படும்போது முழுச் செலவும் உரிமையாளர் தலையில் விழக்கூடும்.

தீபகற்ப மலேசியாவில் 2024 ஜூன் 10 முதல் டீசல் விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டதும் நினைவிருக்கும். கூடுதல் திறனை அடிக்கடி பயன்படுத்தினால் எரிபொருளும் கூடுதலாகவே செலவாகும்.

*சட்டமும் காப்புறுதியும்*

வாகன மாற்றங்கள் 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்திற்கு உட்பட்டவை. வாகனத்தின் உயரம், இயந்திரம் போன்றவற்றில் கைவைக்கும் முன் ஜே.பி.ஜே.விடம் அனுமதி பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம். காப்புறுதி நிறுவனத்திற்கும் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மறைக்கப்பட்ட மாற்றத்தால் விபத்து இழப்பீடு மறுக்கப்பட்டால், வாகனக் கடன் தவணை மட்டும் மிஞ்சும்.

பட்டறைக்குப் போகும் முன், ஒரு வாரம் வாகனம் எங்கே ஓடுகிறது, எவ்வளவு சுமை ஏற்றுகிறது என்று குறித்துப் பாருங்கள். எதை முதலில் மாற்ற வேண்டும் என்பதை அந்தக் குறிப்பே சொல்லிவிடும்.