பாஞ்சாலங்குறிச்சியின் மண்மதிலும் பாலைவனத்து மண்கோட்டைகளும்

பாளையக்காரர் கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைக் கருங்கல் அரணாகவே எண்ணிப் பழகியவர்கள் பலர். ஆயினும் தூத்துக்குடி மாவட்டத்து ஒட்டப்பிடாரத்தை அடுத்திருந்த அக்கோட்டை முழுவதும் மண்ணால் எழுப்பப்பட்டது என்பதை, அதனை எதிர்த்துப் போரிட்ட கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் தம் நினைவுக் குறிப்புகளில் பதிவு செய்துள்ளார்.

1799 அக்டோபர் 16 அன்று கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டபின் ஆங்கிலேயர் அக்கோட்டையை இடித்தனர். 1801 பிப்ரவரி 2 அன்று பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய, கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையும் அவருடைய ஆட்களும் ஒரு வாரத்திற்குள் மதில்களை மீண்டும் எழுப்பினர். காலடியிலேயே கிடைக்கும் மண்ணும், அதைக் குழைத்து ஏற்றத் தெரிந்த ஊராரின் கைகளும் இருந்ததாலேயே இது இயன்றது. பீரங்கிக் குண்டு பட்டால் கல்மதில் சிதறும். கனத்த மண்மதிலோ குண்டைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும். மார்ச் 31 அன்று நடந்த தாக்குதலை முறியடித்த இக்கோட்டை, கர்னல் அக்னியூ பெரும்படையுடனும் பீரங்கிகளுடனும் வந்த பின்னரே, மே 24 அன்று வீழ்ந்தது.

மண்ணில் அரண் கட்டும் இக்கலை மொராக்கோவில் இன்றும் கண்முன் நிற்கிறது. வட ஆப்பிரிக்காவின் தொல்குடியினரான அமாசிக் மக்கள், மதில் சூழ்ந்த ஊராகிய 'கசர்' ஒவ்வொன்றையும், ஈரமண்ணை மரச்சட்டங்களுக்கிடையே கொட்டி இடித்து இறுக்கிய சுவர்களாலும், வெயிலில் உலர்த்திய பச்சைச் செங்கற்களாலும் அமைத்தனர்.  1987-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ஐத் பென்ஹத்து என்னும் கசரில், பெரும்பாலான குடும்பங்கள் ஆற்றின் மறுகரைக்குக் குடிபெயர்ந்ததால் ஆளில்லா வீடுகள் மழையில் கரையத் தொடங்கின. மண்சுவர் குடியிருப்போர் மீண்டும் மீண்டும் பூசிக் காத்தால்தான் நிலைக்கும்.

பாஞ்சாலங்குறிச்சியில் தமிழ்நாடு அரசு 1974-இல் எழுப்பிய நினைவுக்கோட்டை வீரத்தை உணர்த்துகிறது, ஆனால் மண்மதிலை உணர்த்தவில்லை. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் அருகே உள்ள பழைய கோட்டையின் அடித்தளங்களைப் பாராமல் திரும்புவோர் பாதியையே காண்கின்றனர். பழைய முறையில் சிறிதளவு மண்மதிலேனும் அங்கே எழுப்பப்பட்டால், கனடாவின் ரெக்ஸ்டேல் போன்ற தொலைதூரக் குடியிருப்புகளிலிருந்து பிள்ளைகளை அழைத்து வருவோர் அதைத் தொட்டுக் காட்ட முடியும்.